நடுங்கத் தெரியாத பிள்ளை

விலங்குகள் பேசியது மனிதருக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், மனிதர் உடம்பில் வெள்ளைக் கொழுப்பு மட்டுமே இருந்தது. பட்டினி நாளுக்கு அது உதவும்; குளிருக்கு உதவாது. பெரியவர்கள் நடுங்கிச் சூடேற்றிக்கொள்வார்கள். பச்சைப் பிள்ளைகளுக்கு நடுங்கத் தெரியாது. அதனால் மலையில் பனிக்காலத்தில் பிறந்த பிள்ளை தங்காது.

மாதி என்ற மலைப்பெண்ணுக்கு அப்படி இரண்டு பிள்ளைகள் போயிருந்தன. மூன்றாவது பிள்ளை, கிழங்கு தோண்டப் போன இடத்தில் வலி கண்டு, ஒரு குகைக்குள் பிறந்தது. வெளியே ஆலங்கட்டி மழை. புருஷன் பெள்ளன் நெருப்பு எடுத்துவர ஊருக்கு ஓடியிருந்தான்.

பிள்ளையை மார்போடு அணைத்திருந்தாள். அவள் உடம்பே நனைந்து சில்லிட்டிருந்தது. பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. அழுகை நின்றது.

"நடுங்குடா சாமி, கொஞ்சம் நடுங்கு" என்று கதறினாள்.

"அதுக்குத் தெரியாது, தாயே."

மேலே பனிக்காலத் தூக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த பெண் வௌவால் ஒன்று, அவள் குரலில் பாதி விழித்திருந்தது.

"எங்க தோளுக்கு நடுவே பழுப்பாக் கொஞ்சம் கொழுப்பு உண்டு. நடுங்காமலே தானா எரியும். அந்தச் சூட்டில்தான் இந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருப்போம். என்னுடையதைத் தர்றேன்."

"தந்துட்டா நீ எப்படி எழுந்திருப்பே?"

வௌவால் கீழே குகைத் தரையைப் பார்த்தது.

"போன பனியில் என் குட்டி கீழே விழுந்தது. நான் முழிச்சுப் போய்ச் சேர்றதுக்குள்ளே விறைச்சுப்போச்சு. பிள்ளையைத் திருப்பு."

மாதிக்குக் கை எழவில்லை. இன்னொரு தாயின் உயிரை எப்படி வாங்குவது? மடியில் பிள்ளை வாயைத் திறந்து மூடியது; சத்தம் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு அதன் முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

வௌவால் இறங்கி வந்து அந்தச் சின்ன முதுகில் சிறகை விரித்துப் படுத்தது. தோள்பட்டைகளுக்கு நடுவே வெதுவெதுப்பு பிறந்து, கழுத்துக்கும் நெஞ்சுக்கும் பரவியது. பிள்ளை வீறிட்டது.

"அது நடுங்கக் கத்துக்கிற வரைக்கும் போதும்" என்றது வௌவால். அப்புறம் பேசவில்லை.

பெள்ளன் தீக்கொள்ளியோடு வந்தபோது, விறைத்த வௌவாலை மாதி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை எடுத்து எறியப் போனவனைத் தடுத்தாள்.

"நம்ம பிள்ளைக்கு ரெண்டு தாய்" என்றாள்.

அன்று முதல்தான் மனிதக் குழந்தைகள் எல்லாம் தோள்பட்டைகளுக்கு நடுவே பழுப்புக் கொழுப்போடு பிறக்கின்றன. குளிரில் நடுங்காமலே சூடாகின்றன. வளர்ந்து, நடுங்கப் பழகியதும், அந்தக் கொழுப்பு மெல்ல மெல்லச் சுருங்கிவிடுகிறது.