பூனைக்காலிக்குக் கால் எத்தனை?

மலையணில் செவ்வந்திக்கு அன்று காலையிலிருந்தே ஒரே பதற்றம். அவள் கூடு கட்டியிருந்த வேங்கை மரத்தில் புதிதாக ஏதோ ஏறி வந்துகொண்டிருந்தது. கூட்டிலோ கண் திறக்காத இரண்டு குட்டிகள். பக்கத்து மரத்து மைனா வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், வருவதன் பெயரையும் சொல்லிவிட்டது. பூனைக்காலியாம்!

பூனை என்ற சொல்லைக் கேட்டதும் செவ்வந்தி பயந்துபோய்க் குட்டிகளை வாலால் மூடினாள். இருந்தாலும் பெற்ற மனசு கேட்குமா? வாலைச் சிலிர்த்துக்கொண்டு இறங்கிப் பார்த்தாள். பூனையும் இல்லை, புலியும் இல்லை. வெறும் கொடி. அதில் பழுப்பு மயிர் போர்த்த காய்கள் கொத்துக் கொத்தாய்த் தொங்கின.

"உனக்கு எத்தனை கால்?" என்று அதட்டினாள்.

"ஒண்ணுகூட இல்லக்கா" என்றது கொடி. "காய் பூனைக்கால் மாதிரி இருக்குன்னு யாரோ வச்ச பேரு."

அவ்வளவுதான், பயம் போய்த் திமிர் வந்துவிட்டது. தனக்கு நாலு கால், கொடிக்குப் பூஜ்யம். தான் ஒரே தாவில் அடுத்த மரம், கொடிக்கு ஒரு கிளை ஏறவே ஒரு மாதம். தன் வாலுக்கு இந்தக் காட்டில் ஈடு உண்டா? இப்படி ஒப்பிட்டு ஒப்பிட்டுச் சிரித்தாள். காலில்லாத கழுதைக்குத் தன் மரத்தில் என்ன வேலை என்று அதைக் கடித்துப்போடவும் கிளம்பினாள்.

"தண்டைக் கடிச்சாலும் கடி, காயை மட்டும் தொடாதக்கா" என்று கொடி கெஞ்சியது.

வேண்டாம் என்றால்தானே கை பரபரக்கும்? ஒரு காயைப் பிடித்து உலுக்கினாள். அதன் மயிர் உதிர்ந்து உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டது. அப்புறம் கேட்கவா வேண்டும்! மூக்கு அரித்தது, முதுகு அரித்தது, அந்த அருமை வால் நுனிவரை அரித்தது. தரையில் விழுந்து உருண்டாள். மைனாக்கள் சிரித்த சிரிப்பில் கிளையே ஆடியது.

அந்த நேரம் பார்த்து, பசியில் பகலென்றும் பாராமல் மரநாய் ஒன்று வேங்கையில் ஏறியது. தாய் கீழே, குட்டிகள் மேலே. செவ்வந்தி அலறினாள். சொறிவதை விட்டால்தானே ஏற முடியும்?

"நான் பாத்துக்குறேன்க்கா" என்ற கொடி, வீசிய காற்றோடு சேர்ந்து உடம்பை உதறியது. காய்களின் மயிர் பறந்தது. பாதி மரம் ஏறிய மரநாய், மூஞ்சியைப் பிறாண்டிக்கொண்டே ஓடையைப் பார்த்து ஓடியது.

செவ்வந்தி தட்டுத்தடுமாறிக் கூட்டை அடைந்தாள். குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன. அழுதாள், நடுநடுவே சொறிந்தாள். பிறகு கொடியின் நுனியைப் பல்லால் பூப்போலப் பற்றி, அடுத்த கிளையில் தானே சுற்றிவிட்டாள்.

தன்னிடம் இருப்பது பிறரிடம் இல்லையே என்று சிரிப்பவர், பிறரிடம் இருப்பது தன்னிடம் இல்லை என்பதையும் ஒருநாள் உணர வேண்டிவரும்.