பெரியம்மா என்றொரு ஜெபம்

காற்றடித்தால் சோற்றில் மணல் விழும் கடற்கரை ஊர் அது. அங்கே கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்தில் மிக்கேலம்மாள் நவதுறவியாகச் சேர்ந்திருந்தாள். வயது நாற்பத்தாறு. அவளுக்குப் பாடம் சொல்லித்தரும் சிஸ்டர் பிரகாசிக்கோ முப்பத்தெட்டுதான். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பார்.

விடிந்தால் வார்த்தைப்பாடு. பீடத்தின் முன் நின்று, இனி என் வாழ்வு கடவுளுக்கே என்று அவள் சொல்ல வேண்டும்.

அன்று பிற்பகல் இருவரும் பழைய வேட்டிகளைக் கிழித்துப் படுக்கைத் துணியாக மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சிஸ்டர், நாளைக்கு நான் நிக்கலாமான்னு தெரியல."

"ஏன், புதுச்சேலை நீளம் பத்தலையா?"

"விளையாடாதீங்க. 'எங்கள் தந்தையே'ன்னு ஜெபம் சொல்றப்ப என் வாய் மட்டும்தான் அசையும். இத்தனை வருஷமா சத்தம் வந்ததில்ல."

சிஸ்டர் துணியைக் கீழே வைத்தார்.

"எங்கப்பா குடிச்சிட்டு வந்தா துடுப்பாலதான் பேசுவாரு. பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் சுவரேறிக் குதிச்சு வந்து, என்னைத் தூக்கிட்டுப் போய் எண்ணெய் தடவும். இப்பவும் முழங்கால் போட்டா மனசு 'பெரியம்மா'ன்னுதான் கூப்பிடுது. கடவுளைப் போய்... பாவமில்லையா?"

சிஸ்டர் வாய் திறக்குமுன் கூடத்திலிருந்து தொம்மை கத்தினார். தொண்ணூறு வயது, படுத்த படுக்கை. யார் முகமும் நினைவில் நிற்பதில்லை.

"ஆத்தா! ஏ ஆத்தா!"

மிக்கேலம்மாள் எழுந்து போனாள். தண்ணீர் புகட்டி, வாய் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சா என்னை அனுப்பிடுவீங்கன்னு பயந்துதான் இவ்வளவு நாளும்..."

"சந்தியாவு! வலையை இழுடா!"

மறுபடி போனாள். சந்தியாவு தொம்மையின் தம்பி. கடலுக்குப் போய்த் திரும்பாதவன். முதியவரைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தாள்.

துணியைக் கையில் எடுக்கவில்லை, அதற்குள் அடுத்த சத்தம்.

"ஏ கழுதை! செத்தா போயிட்ட?"

இந்த முறை பறந்தாள். திரும்பி வர நேரமாயிற்று. கையில் நனைந்த விரிப்பு.

"அக்கா," என்றார் சிஸ்டர். "ஆத்தான்னாரு, போனீங்க. நீங்க அவருக்கு ஆத்தாவா?"

"இல்ல."

"தம்பியா?"

மிக்கேலம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன், எனக்கு மீசை முளைச்சிருச்சா?"

"கழுதைன்னதுக்கு மட்டும் எதுக்கு அத்தனை ஓட்டம்?"

"நனைஞ்சு கிடந்தாத்தான் அவருக்கு அந்தக் கோபம் வரும். பாவம், குளிரும்ல."

"'என் பேர் மிக்கேலம்மாள்'னு அவரை ஒருநாளாவது திருத்தினீங்களா?"

"நல்லாயிருக்கே! மனுஷன் ஈரத்துல கிடந்து கூப்பிடுறப்ப பேரையா பார்த்துக்கிட்டு நிப்பாங்க?"

சிஸ்டர் பிரகாசி அந்த விரிப்பை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"கூப்பிடுங்க அக்கா. உங்களைவிடவா கடவுள் பேர் பார்க்கப் போறாரு?"