நசுங்கிய தண்டு

நண்பரே, உம் ஊர்க் குளக்கரையில் நிற்கும் செடிகளில் எத்தனைக்கு உமக்குப் பெயர் தெரியும்? பெயர் தெரிந்தவற்றுள், எந்தச் செடியை நம்பி எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்று எப்போதேனும் விசாரித்ததுண்டா? விடையை என்னிடம் சொல்ல வேண்டாம். முதலில் சிவக்கொழுந்து என்பவருக்கு நேர்ந்ததைக் கேளும்.

மருதவெளி என்னும் ஊரில் ஒரு மூலிகை மடம் இருந்தது. அதன் தலைவி வடிவாம்பிகை அம்மையாருக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் சிவக்கொழுந்துக்கோ ஐம்பத்தெட்டு. வறண்ட சீமையில் பத்திர எழுத்தராக இருந்து, ஓய்வு பெற்றபின் மடத்தை நாடி வந்தவர். முத்து முத்தான கையெழுத்து. அந்த ஊரில் முளைக்கும் செடி ஒன்றுகூட விடுபடாமல் ஒரு நூலில் பதிந்துவிட வேண்டும் என்று மூன்று ஆண்டுகள் உழைத்தார்.

முறையான உழைப்புதான். செடியைப் பறிப்பார். தாளில் பரப்புவார். இரு பலகைகளுக்கு நடுவே வைத்து மேலே அம்மிக்கல்லை ஏற்றுவார். இருபது நாள் கழித்து, உலர்ந்த செடியை எடுத்து ஒட்டி, எதிர்ப்பக்கத்தில் அதன் பயனை எழுதுவார். ஆவாரை, மருந்து. பொடுதலை, துவையல். சங்குப்பூ, வேலிக்கு அழகு. இப்படி இருநூற்றுப் பத்துச் செடிகள்.

மார்கழிக் கடைசியில் நூல் முடிந்தது. ஊர்ச் சபை அதற்காகவே காத்திருந்தது. பெரிய குளத்தைச் சுத்தம் செய்து, தாமரையும் செவ்வல்லியும் வைத்து அழகுபடுத்தச் சபையில் தீர்மானமாகியிருந்தது. "எது வேண்டாத செடி என்று நமக்கென்ன தெரியும்? ஐயா பயனில்லை என்று எழுதியதைப் பிடுங்குவோம், மற்றதை விடுவோம்" என்றார் சபைத் தலைவர். நூல் முடிந்த அன்று காலையிலேயே சிவக்கொழுந்து முப்பத்தொன்பது செடிகளின் பட்டியலைக் கொடுத்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் ஆட்கள் குளத்தில் இறங்குவார்கள்.

பட்டியலைக் கொடுத்த கையோடு நூலை ஆசிக்காகத் தலைவியின் முன் வைத்தார்.

அம்மையார் பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. நாடாபோல் தட்டையான ஒரு தண்டு அங்கே ஒட்டப்பட்டிருந்தது.

"இது என்ன?"

"குளத்தில் நிற்கும் நீர்ச்செடி, அம்மா. பெயர் கிடைக்கவில்லை."

"என்ன எழுதியிருக்கிறீர்?"

சிவக்கொழுந்து தயங்காமல் படித்தார். "தண்டு உறுதியற்றது. எளிதில் நசுங்கும். மருந்துக்கும் உணவுக்கும் அழகுக்கும் ஆகாது. பயன் இல்லை."

"யாரைக் கேட்டீர்?"

"மூன்று நிகண்டுகளைப் பார்த்தேன். இரண்டு வைத்தியர்களுக்குக் காட்டினேன்."

"சபைக்குக் கொடுத்த பட்டியலில் இதுவும் உண்டா?"

"உண்டு."

அம்மையார் எழுந்தார். "நூலை எடுத்துக்கொண்டு வாரும்."

மேலத் தெருவின் கடைசி வீட்டு வாசலில் பவுனம்மாள் என்பவள் வேலையாக இருந்தாள். மடியில் ஒரு கட்டுத் தண்டு. ஒன்றை எடுத்துத் தோலைச் சீவினாள். உள்ளிருந்து கட்டைவிரல் பருமனில் வெள்ளை வெளேரென்று நெட்டி என்னும் மெத்தென்ற உள்தண்டு வெளிப்பட்டது. கத்தி நான்கு முறை ஓடியது. அவள் கையில் ஒரு பூ இருந்தது. பின்னால் கொடிக்கயிற்றில், மாட்டுப் பொங்கலுக்கான மாலைகள் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் உலரத் தொங்கிக்கொண்டிருந்தன.

"வாங்க ஆத்தா. சாமியும் வந்திருக்காரே! மாலை வேணுமா?"

"இவர் ஒரு செடி கொண்டுவந்திருக்கிறார். என்னவென்று பார்த்துச் சொல்" என்றார் அம்மையார்.

பவுனம்மாள் நூலை வாங்கி அந்தப் பக்கத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். தூர வைத்துப் பார்த்தாள். "ஐயோ பாவம், நம்ம நெட்டிதானே இது! மாடு மிதிச்சுதா?"

"இல்லை. பலகையில் வைத்துக் கல்லை ஏற்றினேன்" என்றார் சிவக்கொழுந்து.

"எத்தனை நாளு?"

"இருபது நாள்."

"எதிர்ப்பக்கத்துல என்னமோ எழுதியிருக்கே. என்னாங்க அது?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் எதிரே உட்கார்ந்து, நூலை வாங்கிப் படித்தார். இம்முறை குரல் சற்று இறங்கியிருந்தது. பவுனம்மாள் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இருபது நாளு கல்லை ஏத்தி நசுக்கிப்புட்டு, தண்டுல வலுவில்லேன்னு எழுதினீங்களா! ஏன் சாமி, உங்களைப் பலகைக்கு நடுவுல வச்சா நீங்க மட்டும் நிமிந்தா நிப்பீங்க?"

சிவக்கொழுந்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கண் கொடிக்கயிற்றில் இருந்தது.

"சென்ற பொங்கலன்று மடத்துக் காளைக்கு மாலை கட்டியவர் யார்?" என்று அம்மையார் கேட்டார்.

"நான்தான் அம்மா. தாளில் செய்த மாலை என்று நினைத்துக் கட்டினேன்."

"இவள் செய்த மாலை அது."

சிவக்கொழுந்து பவுனம்மாள் பக்கம் திரும்பினார். நடந்ததைத் தம் வாயாலேயே சொன்னார்: பட்டியலைக் கொடுத்தது, ஆட்கள் விடியலில் இறங்கப்போவது, எல்லாவற்றையும்.

அவள் முகத்திலிருந்து சிரிப்பு மறைந்தது. ஆனால் அவள் அழவில்லை. "இந்த வருசத்துக்கு வெட்டியாச்சு சாமி. இப்பக் குளத்துல நிக்கறது விதைக்குன்னு நாங்க தொடாம விட்ட செடி. அதையும் புடுங்கிட்டா, அடுத்த வருசப் பொங்கலுக்கு இந்தத் தெருவுல எட்டு வீடும் எதைச் சீவறது? தாமரைத் தண்டையா?"

"இந்த ஒரு பக்கத்தை இப்போதே மாற்றி எழுதிவிடுகிறேன்" என்றார் சிவக்கொழுந்து.

"மற்ற முப்பத்தெட்டு?" என்றார் அம்மையார்.

"அவையும்..." அவர் நிறுத்தினார். முப்பத்தெட்டுச் செடிகளும் ஒவ்வொன்றாக அவர் நினைவில் வந்தன. எல்லாமே பலகைக்கு நடுவிலிருந்து எடுத்தவை.

"அம்மா, எல்லாவற்றையும் வீடு வீடாக விசாரிக்க ஓராண்டு பிடிக்கும். செம்மையாகத் திருத்தி, முழு நூலாகவே சபையில் வைக்கிறேன். இன்று வெறுங்கையோடு போய், எழுதியது தவறு என்றால் மூன்றாண்டு உழைப்பைப் பார்த்து ஊரே சிரிக்கும்."

"நான் சிரிச்சேனே சாமி" என்றாள் பவுனம்மாள். "என்ன குறைஞ்சுபோச்சு உங்களுக்கு?"

சிவக்கொழுந்து தலைவியைப் பார்த்தார். அம்மையார் அவர் கையிலிருந்து நூலை வாங்கி மூடினார்.

"இதில் ஒட்டியிருப்பவை எங்கும் ஓடிவிடா. அடுத்த ஆண்டும் திருத்தலாம், அதற்கடுத்த ஆண்டும் திருத்தலாம். குளத்தில் நிற்பவற்றுக்கு இன்றைய பொழுது மட்டும்தான் மிச்சம். சபைக்குப் போய், எல்லோரும் கேட்க, 'முப்பத்தொன்பதையும் நான் விசாரிக்கவில்லை. ஒன்றையும் தொடாதீர்கள்' என்று சொல்லும். வெயில் இறங்குவதற்குள் சொல்லும். எழுந்திரும், சிவக்கொழுந்து. செருப்பை அப்புறம் தேடலாம்."