மூன்று கண்ணி மூச்சு

காது உள்ளவர்கள் எல்லோரும் கேளுங்கள். நட்சத்திரம் பார்த்துக் கப்பல் ஓட்டிய காலத்தில், கடலுக்கு அப்பால் பவழத் தீவு என்றொரு நாடு இருந்தது. அங்கே தமிழ் தெரிந்தவர் எவரும் இல்லை. பிழைப்புத் தேடிப் போன சில முத்துக்குளிக்காரர்கள் மட்டும் தங்களுக்குள் அதைப் பேசிக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருவன் கடம்பன். அவன் தங்கை பூவாயியின் புருஷன் வேலாண்டி. இடுப்பில் கயிறும் காலில் கல்லும் கட்டிக்கொண்டு வேலாண்டி கடலுக்குள் இறங்குவான். படகில் கடம்பன் கயிறு பிடிப்பான். கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கை நழுவினால் தாலி அறுப்பது சொந்தத் தங்கை அல்லவா!

மூச்சுக்கு அளவு ஒரு தமிழ்ப் பாட்டு; இரண்டிரண்டு அடியாக மூன்று கண்ணி. மேலே கடம்பன் வாய்விட்டுப் பாடுவான். கீழே வேலாண்டி மனசுக்குள் பாடுவான். மூன்றாம் கண்ணி முடிந்ததும் கீழே இருப்பவன் கல்லை உதறுவான், மேலே இருப்பவன் இழுப்பான்.

ஒருநாள் தீவின் அரசன் முரசறைவித்தான்: "எம் கடலில் எம் மொழி மட்டுமே ஒலிக்க வேண்டும்!"

கடம்பன் பயந்த சுபாவம். சட்டம் மீறி அறியாதவன். முதல் நாள் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பாடினான். காவலுக்கு வந்த துறைத்தலைவன் ஏதோ அதட்ட, எந்த அடியில் விட்டோம் என்பதே மறந்துபோனது. தாமதமாக இழுத்தான். வேலாண்டி மூக்கில் ரத்தம் வழிய மேலே வந்தான்.

இரண்டாம் நாள் தீவு மொழியில் எண்ணினான். பதற்றத்தில் எண்கள் ஓடின. முந்தி இழுத்துவிட்டான். கல்லை இன்னும் உதறாத வேலாண்டியின் கால் தோலுரிந்தது.

"என்ன மச்சான், தங்கச்சிக்கு வேற மாப்பிள்ளை பார்த்துட்டியா?" என்று வேலாண்டி சிரித்தான். கடம்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் வேலாண்டி முங்கியதும் கடம்பன் தொண்டையைத் திறந்தான்.

"ஆழக் கடலே கதவைத் திற, ஏலேலோ!
ஆளை நம்பி அனுப்பியிருக்கேன், ஏலேலோ!"

முதல் கண்ணியில், "வாயை மூடடா!" என்று துறைத்தலைவன் கத்தினான். கடம்பன் பாடினான்.

இரண்டாம் கண்ணியில் துறைத்தலைவன் படகுக்குத் தாவி வந்து கத்தியை உருவினான். "நிறுத்து! இல்லாவிட்டால் கயிற்றை அறுப்பேன்!" கடம்பன் கயிற்றை விடவில்லை. பாட்டு நிற்கவில்லை. குனிந்து, கயிற்றின் மேல் தன் கழுத்தை வைத்தான். முதலில் இதை அறு என்பதுபோல.

மூன்றாம் கண்ணியை அவன் தனியாகப் பாடவில்லை. சுற்றிலும் கயிறு பிடித்திருந்த மச்சான்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்தார்கள். துறைத்தலைவன் படகுகளைப் பார்த்தான். எத்தனை கழுத்தைத்தான் அறுப்பது?

கண்ணி முடிந்தது. கடம்பன் இழுத்தான். கூடை நிறையச் சிப்பியோடு வந்த வேலாண்டி மூச்சு வாங்கியபடி சொன்னான்: "நான் முடிச்ச இடத்துலதான் நீயும் முடிச்சே, மச்சான்!"

"அரசரிடம் சொல்வேன். தண்டனை என்ன தெரியுமா?" என்று துறைத்தலைவன் உறுமினான்.

கடம்பன் தீவு மொழியிலேயே, ஒரு சொல்லும் பிசகாமல், பதில் சொன்னான்: "தெரியும் ஐயா. உங்கள் சந்தையில் உங்கள் மொழியில்தான் அரிசி கேட்கிறேன். நாளைக்கும் அப்படியே கேட்பேன். நாளைக்கும் இங்கே பாடுவேன்."

ஆகவே, வந்து சேர்ந்த நாட்டின் மொழியை மதித்துக் கற்றுக்கொள். உன் உயிரைப் பிடித்திருக்கும் மொழியை மட்டும் எவன் கத்திக்கும் கொடுக்காதே.