மிராசுதார் வீட்டுப் பூனை இளைத்த விதம்

மிராசுதார் ஏகாம்பரம் வீட்டுப் பூனை பூசணிக்காய் மாதிரி ஊதிக் கிடந்தது. ஒருநாள் விருந்தாளிகள் முன்னாலேயே ஓர் எலி அதன் முதுகில் ஏறி ஓடியது. மிராசுதாருக்கு மானம் போயிற்று. வேலைக்காரி செவந்தியைக் கூப்பிட்டார்.

“நீதான் கண்டதையும் போட்டுக் கெடுத்திருக்கே! ஒரே மாசத்துல இது இளைக்கணும். ஆனா அதோட தட்டுல ஒரு பருக்கைகூடக் குறையக் கூடாது. இல்லேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை!”

“சரிங்கய்யா.”

மாதம் முடிந்தது. அதே கூடம், அதே விருந்தாளிகள். பூனை ஒரே பாய்ச்சலில் எலியைக் கவ்வியது! கூடமே கைதட்டியது.

“தட்டுல கை வெச்சியா?” என்று உறுமினார் மிராசுதார்.

“இல்லீங்கய்யா. நீங்க சாப்பிடுறப்போ மட்டும் அதை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன். குறைஞ்ச எடை எங்கேயும் போயிடலைங்க, வீட்டுக்குள்ளேதான் இருக்கு.”

அந்த நேரம் பார்த்து மிராசுதாரின் சட்டையில் வயிற்றுப் பக்கத்துப் பொத்தான் தெறித்து ஓடியது!

அவர் மனைவி அகிலாண்டம் கரண்டியோடு வந்தாள். “அப்போ இத்தனை வருஷமா என் மீன் குழம்பைத் தின்னது பூனையா?”

மிராசுதார் பொத்தானைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

அகிலாண்டம் வேலைக்காரி பக்கம் திரும்பினாள். “செவந்தி! இனிமே அந்தக் கதவுக்கு ஆயுசுக்கும் நீதான் காவல்!”