பஞ்சாரத்துச் சேவல்

"சாவுன்னா பயமா இருக்கு தாயி. அந்தப் பயத்தை எப்படியாவது எடுத்து விடு."

தங்கப்பழம் இப்படிக் கேட்டபோது ஆவுடை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோழிகளுக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருந்தாள்.

புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்த்து, கறிக்கு அறுத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. மனசு சரியில்லாதவர்களும் ஒரு வார்த்தை கேட்க அவளைத் தேடி வருவார்கள். பாதிப் பேருக்குப் பதிலே கிடைக்காது. கோழிக்காரிக்குக் கொழுப்பைப் பார் என்று முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். பிறகு அவர்களே மறுபடியும் வருவார்கள்.

தங்கப்பழம் அவளைவிட மூத்தவர், தலை நரைத்தவர். சந்தையில் ஓர் அதட்டல் போட்டால் நாலு பேர் ஒதுங்குவார்கள். அந்த மனிதர்தான் வேலியோரம் நின்று துண்டைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"யாரு சாவு?" என்றாள் ஆவுடை.

"எம் பொண்டாட்டி, பூரணம். ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. உள்ரூம்ல படுத்திருக்கா. நான் இளநி வெட்டுதேன், மருந்து வாங்குதேன். எல்லாம் வாசப்படி வரைக்குந்தான். உள்ள கொழுந்தியா பாத்துக்கிடுதா. என்னால நுழைய முடியல."

"ஏன்?"

"அவ கண்ணு வாசலையே பாத்துக்கிட்டிருக்கு தாயி. அந்தக் கண்ணைப் பாத்தா எனக்கு ஈரக்குலை நடுங்குது."

பூரணத்தின் மேல் அவருக்கு உயிர். அதனால்தான் பயம் போதாதென்று வெட்கமும் சேர்ந்து அவரைத் தின்றது.

ஆவுடை முறத்தைத் தட்டினாள்.

"நாளைக்குக் காலையில ஒரு சேவல் அறுக்கணும். பிடிக்க ஆள் இல்ல. வாரீயளா அண்ணாச்சி?"

"நானா? எனக்குத் திங்கத்தான் தெரியும்."

"அது தெரியுதுல்லா. போதும்."

*

சாயங்காலம் செவலைச் சேவலைப் பிடித்து, தனியாக ஒரு மூங்கில் பஞ்சாரத்தைப் போட்டுக் கவிழ்த்தாள். மேலே ஒரு கல்லை வைத்தாள்.

"தண்ணி மட்டும் வைங்க. இரை போடக் கூடாது. விளக்கு வைக்கிற வரைக்கும் பக்கத்துல இருந்துட்டுப் போங்க."

அவள் உள்ளே போய்விட்டாள்.

தங்கப்பழம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சேவல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூங்கில் இடுக்கு வழியாக அவரைப் பார்த்தது. ஒற்றைக் கண்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது கொக்கரித்தது. திரும்பினார். அதே கண்.

அவருக்குத் தாங்கவில்லை. உரல் பக்கம் குருணை இருந்தது. ஒரு பிடி அள்ளி இடுக்கு வழியாகப் போட்டார். சேவல் தலையைக் குனிந்து கொத்தத் தொடங்கியது. இன்னொரு பிடி போட்டார்.

அது குனிந்திருந்த வரைக்கும் அவர் மனசு லேசாக இருந்தது.

*

விடிந்ததும் ஆவுடை பஞ்சாரத்துக்குள் கையை விட்டுச் சேவலின் கழுத்தடியைத் தடவிப் பார்த்தாள்.

"இரைப்பை கல்லு மாதிரி இருக்கு. யாரு போட்டா?"

"நான்தான்" என்றார் தங்கப்பழம். "சாகப் போற உசிரு. பசியோட போக வேண்டாம்னு."

"அதுக்குப் பசிச்சுதா, உங்களுக்குப் பொறுக்கலையா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"இன்னைக்கு அறுக்க முடியாது. நிறைஞ்ச பை கிழிஞ்சா கறி பூராவும் நாறிப் போகும்."

பஞ்சாரத்தை மறுபடியும் கவிழ்த்தாள். கறி கேட்டவர்களுக்கு நாளைக்கு என்று சொல்லி அனுப்பினாள்.

விடிந்ததும் திறந்து விடுவார்கள் என்று இருந்ததோ என்னவோ, சேவல் மூங்கிலில் மோதத் தொடங்கியது. மோதி மோதிக் கொண்டையில் தோல் உரிந்தது. தங்கப்பழம் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலேயே முடிந்திருக்க வேண்டியது, தன்னால் இன்னொரு பகல் கிடந்து இடிபடுகிறது.

"வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி."

"இல்ல தாயி. இங்கேயே இருக்கேன். யாரும் இரை போட்டுராம பாத்துக்கிடுதேன்."

"ஆமா, திருடன் கையில சாவியக் குடுத்த மாதிரிதான்" என்றாள் ஆவுடை. ஆனால் விரட்டவில்லை.

உச்சி வெயிலில் அவர் கைப்பேசி அடித்தது. கொழுந்தியாள்.

"மச்சான், எங்க இருக்கீய? அக்காவுக்குத் தண்ணிகூட இறங்கல."

"இந்தா வாரேன்" என்றார். அழைப்பைத் துண்டித்தார். உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

எழுந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கால் வரவில்லை. தான் இங்கே குந்தியிருக்கும்போதே அங்கே அவள் போய்விடுவாளோ என்று ஒரு பயம். போனால் அந்தக் கண்ணைப் பார்க்க வேண்டுமே என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் மனிதர் வேர்த்து ஊற்றினார்.

ஆவுடை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு சாக்கை எடுத்து வந்து பஞ்சாரத்தின் மேல் வெயில் படாமல் விரித்துவிட்டுப் போனாள்.

*

தங்கப்பழம் ராத்திரியும் அங்கேயே கிடந்தார். மறுநாள் காலையில் சேவலின் இரைப்பை காலியாக இருந்தது.

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. ஆவுடை கத்தியைக் கல்லில் தீட்டி, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தாள். சேவலைத் தூக்கித் தங்கப்பழத்தின் கையில் கொடுத்தாள்.

"ரெக்கைய மடக்கி மாரோட அணைங்க. காலை ஒரு கையால பிடிங்க."

அணைத்தார். சேவல் வெடவெடவென்று ஆடியது. இரண்டு நெஞ்சும் அடித்த அடியில் எது தன்னுடையது என்று அவருக்குப் பிரிபடவில்லை.

"நீங்க ஆடினா அதுவும் ஆடும். மெதுவா மூச்சு விடுங்க."

விட்டுப் பார்த்தார். மறுபடியும் விட்டார். சேவல் கொஞ்சம் தணிந்தது. கழுத்தைத் திருப்பி அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தது.

"தாயி, நான் கண்ணை மூடிக்கிடட்டா?"

"நீங்க மூடிட்டா அது யாரைப் பாக்கும்?"



தங்கப்பழம் குனிந்து அதைப் பார்த்தார். மஞ்சள் வளையத்துக்குள் கறுப்பாக ஒரு பொட்டு. அதை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவர் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அது பொய் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னார்.

கத்தி எப்போது வந்தது என்று அவர் அறியவில்லை. அணைப்புக்குள் ஓர் உதறல். விடாமல் பிடித்துக்கொண்டார். இன்னொரு உதறல். அப்புறம் கனம் மட்டும் இருந்தது.

ஆவுடை சேவலை வாங்கிக் கால்களைப் பிடித்து வெந்நீரில் முக்கினாள்.

"தாயி" என்றார் தங்கப்பழம். குரல் உடைந்திருந்தது. "பயம் போகலையே."

"போகும்னு நான் சொன்னேனா?"

அவள் இறகைப் பிய்க்க ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவரைக் கவனிக்கவில்லை.

தங்கப்பழம் தொட்டியில் கையைக் கழுவிவிட்டு நடந்தார். தெருமுனை திரும்பியதும் நடை ஓட்டமானது.

*

வாசலில் கொழுந்தியாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் நிற்கவில்லை. நின்றால் கால் மறுபடியும் ஊன்றிவிடும் என்று பயந்தார்.

பூரணம் படுத்திருந்தாள். உயிர் இருந்தது. கண் வாசலில் இருந்தது.

அவர் கட்டிலில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"கோழி நாத்தம் அடிக்கி" என்றாள் பூரணம். குரல் நூலாக வந்தது.

"சேவல் பிடிக்கப் போயிருந்தேன்."

"நீங்களா?" அவள் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து நின்றது. "கை இந்த ஆட்டம் ஆடுது. பயமா இருக்கா?"

"இருக்கு" என்றார். "ரொம்ப."

"எனக்கும்தான்" என்றாள் பூரணம்.