வீட்டுக்குள் மின்மினி

ஆற்றங்கரை மண்டபத்தில் ஓர் அம்மா இருந்தார். பகலெல்லாம் படித்துறையைக் கூட்டுவார். கேட்டவர்களுக்குப் பதில் சொல்வார். கேட்காதவர்களிடம் ஒன்றும் சொல்லமாட்டார். ஊர் அவரை மண்டபத்தம்மா என்றது. வயது நாற்பதைத் தாண்டியிருக்காது.

அவருடைய சீடர்களில் அவரைவிட மூத்தவர் கோமதிநாயகம். அரிசி ஆலையில் எடை போடுகிறவர். ஐப்பசியில் ஒரு நாள் விடிந்ததும் விடியாததுமாக ஒரு நோட்டோடு வந்து நின்றார். நாட்காட்டியில் கிழித்த தாள்களை அடுக்கிச் சாக்கு நூலால் தைத்த நோட்டு. தாள்களின் பின்பக்கமெல்லாம் அவர் கையெழுத்து.

“என்னப்பா இது?”

“வீட்டுச் சிக்கனம், அம்மா. நாப்பத்தோரு வழி. பௌர்ணமிக்கு மண்டபத்தில ஊரு கூடும்லா, அன்னைக்குப் படிக்கலாம்னு பாக்கேன். நீங்க சரின்னு சொல்லணும்.”

“எல்லாம் செஞ்சு பாத்ததா?”

“ஒவ்வொண்ணும். இதை வச்சுத்தான் ரெண்டு பொண்ணுகளையும் கைமாத்து வாங்காமக் கட்டிக் குடுத்தேன்.”

“ரெண்டு சொல்லு, கேப்போம்.”

கோமதிநாயகம் நோட்டைத் திறக்கவில்லை. மனப்பாடம்.

“தீக்குச்சியை ரெண்டாப் பிள.”

“நானும் பிளப்பேன்,” என்றார் மண்டபத்தம்மா. கூட்டுவதை நிறுத்தவில்லை.

“பதினேழாவது கேளுங்க. வீட்டு முருங்கையை நாம தின்னா இலை, வித்தா காசு. பதினெட்டு. பசு நமக்கு, பால் ஊருக்கு.”

“உம்.”

“நாலாவதுதான் முக்கியம். பொழுது சாயுமுன்ன உண்டு முடி. எங்க வீட்ல விளக்கே ஏத்துறதில்ல, அம்மா. எட்டு வருஷமாச்சு. எங்க வீட்டுக்காரி இருட்டிலயே பாத்திரம் கழுவுவா, இலை தைப்பா, பாய் விரிப்பா. கை பழகிட்டு. பூனை தோத்துரும்.”

மண்டபத்தம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“இன்னைக்கு உன் வீட்டுக்கு வாரேன். அங்க வச்சுப் படி.”

“வாங்கம்மா. மத்தியானம் வாங்க.”

“பொழுது சாஞ்சு வாரேன்.”

கோமதிநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சாஞ்ச பிறகு எழுத்து தெரியாதே, அம்மா.”

“விளக்கு ஏத்து.”

மின்சாரம் அந்தத் தெருவுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. இருட்டும் வேளையில் மண்டபத்தம்மா வந்தார். தூணோரம் பாய் விரித்திருந்தது. அதில் உட்கார்ந்தார். அடுக்களையில் பாத்திரம் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அங்கும் இருட்டுதான்.

கோமதிநாயகம் பரணிலிருந்து ஓர் அகலை எடுத்துத் துடைத்தார். பாதித் தீக்குச்சியைக் கிழித்தார். ஏற்றினார். நோட்டைச் சுடருக்கு அருகில் கொண்டுபோனார்.

“இரு. உன் முகம் தெரியல. இன்னொண்ணு ஏத்து,” என்றார் மண்டபத்தம்மா, அடுக்களைக்குக் கேட்காத குரலில்.

ஏற்றினார்.

“இன்னொண்ணு.”

“கார்த்திகைக்கு வச்ச எண்ணெய், அம்மா.”

“கார்த்திகை வரட்டும். இன்னொண்ணு.”

பரணில் இருந்ததே ஒன்பது அகல். ஒன்பதையும் ஏற்றச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஊற்றும்போது எண்ணெய் ஜாடி லேசாகிக்கொண்டே வந்ததைக் கோமதிநாயகத்தின் மணிக்கட்டு உணர்ந்தது. பன்னிரண்டு வருஷமாக இந்த அம்மாவிடம் வருகிறார். ஒரு வேப்பம்பூவைக்கூட வீணாக்கிப் பார்த்ததில்லை. இன்றைக்கு என்ன ஆயிற்று இவருக்கு?

கூடம் முழுக்க வெளிச்சம். சுவரில் இருந்த சாமி படம், உத்தரத்து ஒட்டடை, எல்லாம் தெரிந்தது. இருட்டிய பிறகு தன் வீட்டைப் பார்த்து எட்டு வருஷம் ஆகியிருந்தது அவருக்கு. அடுக்களை வாசலிலிருந்து தூண் வரைக்கும் சுவரில் இடுப்பு உயரத்தில் கரேலென்று ஒரு கோடு ஓடியது. எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி பளபளத்தது. பகலில் பார்த்திருக்கிறார். ஈரம் ஏறிய ஓதம் என்று நினைத்திருந்தார்.

“எனக்குத் தாகமா இருக்கு. ஆவுடையைத் தண்ணி கொண்டாரச் சொல்லு.”

“ஏளா ஆவுடை, அம்மாவுக்குத் தண்ணி கொண்டா.”

“இந்தா வாரேன்.”

மண்டபத்தம்மா பாயை விட்டு எழுந்தார். சத்தமில்லாமல் நடந்து எதிர்ச்சுவரோரம் போய் வெறுந்தரையில் உட்கார்ந்தார். உதட்டில் விரலை வைத்தார்.

அவர் மனைவி ஆவுடையம்மாள் வந்தாள். வலக்கையில் சொம்பு. இடதுகை சுவரில். உள்ளங்கை அந்தக் கறுப்புக் கோட்டின் மேலேயே வழுக்கிக்கொண்டு வந்தது, தண்டவாளத்தில் வண்டி வருவது மாதிரி. தூண் வந்ததும் கை நின்றது.

“எண்ணெய் வாசம் வருதே,” என்றாள். குரலில் பயம் இருந்தது. “ஜாடி சாஞ்சிட்டுதா? நான் அந்தப் பக்கமே போகல.”

கோமதிநாயகம் வாயைத் திறந்தார். எதிரே அம்மாவின் விரல் இன்னும் உதட்டில்தான் இருந்தது.

“மின்மினி வேற உள்ள வந்திருக்கு இன்னைக்கு. அஞ்சாறு இருக்கும் போல.” இந்தத் தடவை லேசாகச் சிரித்தாள். குனிந்து, கையால் தரையைத் தடவிப் பாயின் விளிம்பைக் கண்டுபிடித்து, சொம்பை அதன் முன்னால் வைத்தாள்.

“குடிங்கம்மா. இன்னைக்கு வந்த ஊத்துத் தண்ணி.”

பாய் சும்மா கிடந்தது.

ஆவுடையம்மாள் புடவையைச் சரிசெய்துகொண்டாள். நெற்றி தரையில் பட அந்தப் பாய்க்கு விழுந்து கும்பிட்டாள். எழுந்திருக்கவில்லை. தலையில் ஒரு கை படும் என்று அப்படியே கிடந்தாள்.

ஒன்பது விளக்கும் எரிந்துகொண்டிருந்தன.

“ஆவுடை. நான் இங்க இருக்கேம்மா.”

அவள் பதறி எழுந்து குரல் வந்த பக்கம் திரும்பினாள். “மன்னிச்சுக்கிடுங்கம்மா. இருட்டில தெரியல. இந்த வீட்ல விளக்கு ஏத்துற வழக்கமில்ல. உங்களுக்குத்தான் சிரமம்.”

கோமதிநாயகத்தின் கையிலிருந்து நோட்டு நழுவியது.

“ஏளா,” என்றார். “விளக்கு எரியுது. ஒம்போது விளக்கு.”

அவள் சிரித்துவிட்டாள். “கேட்டியளாம்மா? ஒண்ணு ஏத்த மாட்டாக. ஒம்போது ஏத்துவாகளாம். உங்க முன்னாலயும் என்னைக் கேலி பண்ணுதாக.”

மண்டபத்தம்மா அவள் அருகில் வந்தார். அவள் வலக்கையைப் பிடித்தார். பக்கத்தில் இருந்த அகலுக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், அந்த உள்ளங்கையை நிறுத்தினார். ஆவுடையம்மாள் கொஞ்சநேரம் புரியாமல் இருந்தாள். பிறகு சூடு உறைத்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

“இதுவா மின்மினி?” என்றாள்.

மறுபடி கையை நீட்டி அந்தச் சூட்டைத் தேடினாள்.

“இது விளக்குன்னா, வெளிச்சம் எங்க?”

அவள் தரையில் உட்கார்ந்தாள். தனக்குள்ளேயே எதையோ தேடுகிறவள் மாதிரி சொன்னாள். “ஆடியிலேருந்து நிலா சரியா வரலியேன்னு நினைச்சேன். மழைக்காலம் வருது, மேகமா இருக்கும்னு...”

“பகல்ல எப்படி?” என்று கேட்டார் மண்டபத்தம்மா.

“பகல்ல கடுகுகூடப் பொறுக்குவேன்.”

“என்ன சாப்பிடுத?”

“கஞ்சி. ஊறுகா.”

“மத்தியானம்?”

“அதே கஞ்சிதான். இவுக மில்லு முதலாளி வீட்ல சாப்பிட்டுருவாக. ஒருத்திக்கு என்னத்தைக் குழம்பு வைக்க?”

“கீரை?”

“முருங்கையைக் கீரைக்காரி வந்து ஒடிச்சுட்டுப் போயிருவா.”

“மோராவது?”

“பால் பூரா கடைக்குப் போயிருதே, அம்மா. மோருக்கு எங்க போக?” அவள் குறை சொல்லவில்லை. மாடு எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது என்று கேட்டால் சொல்வாளே, அப்படிச் சொன்னாள்.

கோமதிநாயகம் முதலாளி வீட்டு இலையை நினைத்தார். பொரியல், கூட்டு, கெட்டித் தயிர். வெளியே கிடைக்கும் சாப்பாட்டை வீட்டில் தேடாதே. அது இருபத்திரண்டாவது. ஆடியிலிருந்து ஐப்பசி வரைக்கும் ஒரு நாளும் அந்த இலையிலிருந்து அவர் பார்வை நிமிர்ந்ததில்லை.

“அம்மா,” என்றார். “கண்ணு போயிட்டுதா?”

“மாலைக்கண்ணு. இன்னும் போகல. கீரை, பால், நெய். மூணும் தினம் உள்ள போகணும். நாளைக்கே வைத்தியர்கிட்டக் காட்டு. திரும்பிரும். இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்கமாட்டேன்.”

“உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?”

“போன பிரதோஷத்துக்கு வந்தா. திருநீறு குடுத்தேன். என் கைக்கு ரெண்டு சாண் தள்ளிக் கையை நீட்டிக்கிட்டு நின்னா. கண்ணு கூசுதாக்கும்னு விட்டுட்டேன். காலையில நீ பூனைக் கதை சொன்னதும் அந்தக் கை ஞாபகம் வந்துது.”

“நான் பாக்கலியே, அம்மா.”

“நீ அவ பக்கத்திலதான் நின்ன.”

கோமதிநாயகம் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். கொல்லைப்பக்கம் நாலு எட்டு வைத்துவிட்டார்.

“எங்க போற?”

“முருங்கையை ஒடிச்சுட்டு வாரேன்.”

“பொழுது விழுந்தா மரத்தைத் தொடக்கூடாது. விடியட்டும். வந்து உக்காரு.”

வந்து உட்கார்ந்தார். வலக்கை தானாகவே முன்னால் நீண்டது. பக்கத்து அகலின் சுடரை நசுக்குவதற்கு விரல்கள் இரண்டும் குவிந்துவிட்டன. சுடருக்கு மேலே போன பிறகுதான் அதைக் கண்டார். தன் கையையே வேறு யாருடைய கை என்பது போலப் பார்த்தார். மடியில் வைத்துக்கொண்டார்.

மண்டபத்தம்மா நோட்டை எடுத்துத் தூசி தட்டி அவரிடம் நீட்டினார்.

“படி.”

“எதையம்மா?”

“எதைப் படிக்க என்னை வரச்சொன்ன?”

“நான் வரச்சொல்லல,” என்றார் கோமதிநாயகம். பிறகு, “இது வேண்டாம்மா. இதை அடுப்பில போட்டுருதேன்.”

“அடுப்பில போடுறதுக்கு முன்னால வீட்டில ஒரு தடவை படிச்சுரு. ஆவுடை, நீ இதைக் கேட்டிருக்கியா?”

“இவுக ராத்திரி முழிச்சுக் கிடந்து யோசிப்பாக, விடிஞ்சதும் எழுதுவாக. அது தெரியும். என்னன்னு தெரியாது. எனக்கு எழுத்து தெரியாதுல்லா?” அவள் காலை மடக்கி வசதியாக உட்கார்ந்தாள். கண்ணைப் பற்றிய பயம் அவள் முகத்தில் இன்னும் இருந்தது. ஆனாலும் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளுக்கு எதையும் படித்துக் காட்டியதில்லை. “படிங்க. கேக்கேன்.”

அவர் முதல் தாளைத் திருப்பினார்.

“ஒன்று. தீக்குச்சியை இரண்டாகப் பிள.”

“உம்,” என்றாள் ஆவுடையம்மாள், கதை கேட்கிறவள் மாதிரி.

“இரண்டு. குளித்த தண்ணீர் வாழைக்குப் போகட்டும்.”

“உம். இது நான் சொன்னதுல்லா?”

“ஆமா.”

“என் பேரு போட்டியளா?”

“இல்லை.”

“சரி, போட்டும். மேல படிங்க.”

“மூன்று. புளியை இரண்டு முறை கரை.”

“உம்.”

“நான்கு.” அவர் செருமிக்கொண்டார். வேகவேகமாகப் படித்தார். “பொழுது சாயுமுன் உண்டு முடி. விளக்கு இல்லாத வீட்டில் எண்ணெய் குறையாது.”

“உம்.” இந்த உம் கொஞ்சம் தாமதித்து வந்தது.

நாலைந்து தாள்களைச் சேர்த்துத் திருப்பப் பார்த்தார். சாக்கு நூல் இறுக்கம். தாள் சரசரத்தது. மண்டபத்தம்மா தலையைத் தூக்கினார். கோமதிநாயகம் விரலை எடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து படித்தார். அடுத்தது, அதற்கு அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் உம். சாம்பலால் பல் விளக்குவதற்கு உம். கிழிந்த வேட்டி கரித்துணி ஆவதற்கு உம். பதினாறாவது தேங்காய்ச் சிரட்டை. அதற்கும் உம்.

“பதினேழு,” என்றார்.

அவள் காத்திருந்தாள்.

எண்ணெய் குறைந்து ஒரு திரி சிடுசிடுத்தது. கோமதிநாயகம் தாளிலிருந்து கண்ணை எடுத்து மனைவியைப் பார்த்தார். கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன. அவள் முகம் அவர் பக்கம்தான் திரும்பியிருந்தது. ஆனால் அவர் இருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. உதட்டில் அடுத்த உம் தயாராக இருந்தது.

“பதினேழுன்னியளே,” என்றாள் அந்தச் சுவரிடம். “நிறுத்திட்டியளே.”

அவர் விரல் தாளில் ‘முருங்கை’ என்ற எழுத்தின் மேலேயே நின்றது.

மண்டபத்தம்மா எண்ணெய் ஜாடியை எடுத்தார். அணையப் பார்த்த அகலில் மிச்சத்தை ஊற்றினார். திரியைத் தூண்டிவிட்டார்.

“படிப்பா,” என்றார். “வெளிச்சம் போதலையா?”